ஒத்திக்கு வீடு தேடுபவர்கள் கவனத்துக்கு: காரைக்குடியில் நான் இரண்டரை லட்சம் விட்ட கதை

காரைக்குடிப் பக்கம் ஒத்திக்கு வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏமாந்ததை நாலு பேர் பார்க்க எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் இன்னொரு குடும்பமும் அதே ஆளிடம் மாட்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி வீடு. முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாம் உண்டு. பங்காளிகள் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம். எங்கள் பங்குக்கு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டில், இரட்டை வீடு என்று சொல்கிற இரண்டு அறை, பின்கட்டு அடுப்படியில் பாதி. மழை பெய்தால் ஓட்டிலிருந்து ஒழுகும். ஓடு மாற்றலாம் என்றால் அத்தனை பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும், அதில் இரண்டு பேருக்குள் பத்து வருடமாகப் பேச்சில்லை. ராத்திரி என் மகள் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் டார்ச் லைட்டோடு இரண்டு கட்டு தாண்டிக் கொல்லைக்குப் போகணும். ஆறு வயசுப் பிள்ளை. பயந்துபோய்ப் பாதி நாள் பாயிலேயே போய்விடும்.

"அரண்மனை மாதிரி வீடு இருக்கையில் வாடகைக்கா போகப் போறே?" இந்தக் கேள்விக்குப் பயந்துதான் வீடு தேடுவதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பச்சியிடம், அதாவது என் அப்பாவிடம்கூட. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

எனக்குக் காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு வேலை. சம்பளம் 17,000. செக்காலைப் பக்கமும் கழனிவாசல் பக்கமும் பார்த்ததில், நாங்கள் மூன்று பேர் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி எதுவும் 6,500-க்குக் குறையவில்லை. அட்வான்ஸ் தனி. மாதம் அவ்வளவு கொடுத்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட முடியாது. ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம், கெடு முடிந்ததும் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். கணக்கு எழுதுகிறவனுக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்த விளம்பரம் வந்தது. "ஒத்திக்கு விடு, ஓனர் வெளிநாடு, கமிஷன் இல்லை." வீடு என்பதை விடு என்று அடித்திருந்தார்கள். நானும் என் மனைவியும் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

ஆள் பேசியது அவ்வளவு பாந்தம். ஐம்பது வயசிருக்கும், விபூதி, வெள்ளைச் சட்டை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கும் தன் பெரியப்பா மகன் என்றும், அவர் சார்பில் கையெழுத்துப் போடுகிற பவர் தன்னிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னார். வீடு புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு இரண்டரை லட்சம். "நீங்க நம்ம பக்கத்துப் பிள்ளைங்க, அதனாலதான் தம்பி இந்த ரேட்டு. மூணு லட்சத்துக்கு ஆள் நிக்குது." கரண்ட் அட்டையில் ஒரு பெண் பெயர் இருந்தது. என் மனைவி அதைப் பார்த்துக் கேட்கவும் செய்தாள். "பெரியம்மா பேரு, மாத்தாமக் கிடக்கு" என்றார். சாவி ஒன்றுதான் கொடுத்தார், மாற்றுச் சாவி தொலைந்துவிட்டதாம்.

சீட்டு எடுத்தது 1,20,000. மனைவியின் சங்கிலியை அடகு வைத்தது ஒரு லட்சம். மீதி முப்பதாயிரம் அவள் கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்த சிறுவாடு. சில்லறைத் தாளாக, ரவிக்கைத் துணியில் சுற்றியிருந்தது. அந்த ஆள் ஒவ்வொரு பத்து ரூபாயையும் பொறுமையாக எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு முத்திரைத்தாளில் ஒப்பந்தம், நோட்டரி முத்திரை, கையெழுத்து, கைகுலுக்கல். பெண் பார்க்கப் போனால் எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீட்டுப் பிள்ளை என்று ஏழு தலைமுறை விசாரிக்கிற ஊர் எங்களுடையது. இரண்டரை லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கிறபோது அவருக்கு எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை.

பால் காய்ச்சிக் குடிபோனோம். நாலு மாதம் நிம்மதி. மகள் ராத்திரி தானாகவே எழுந்து போய்வந்து படுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெளிக்கதவுப் பூட்டு திறக்கிற சத்தம். நான் உள்ளே இருக்கிறேன், மனைவியும் உள்ளே இருக்கிறாள், சாவி ஆணியில் தொங்குகிறது. வாசலில் எழுபது வயது ஆச்சி ஒருவர், கையில் அதே மாதிரி சாவியோடு. "நீங்க யாரப்பா?" என்றார். நானும் அதையேதான் கேட்க வாயெடுத்தேன்.

வீடு அந்த ஆச்சியுடையது. கரண்ட் அட்டையில் இருந்த பெயர் அவருடையது. திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்களிடம் பணம் வாங்கிய ஆள் அவரிடம் 6,500 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தவர். இரண்டு மாதம் வாடகை போட்டிருக்கிறார், அப்புறம் நிறுத்திவிட்டார். எங்கள் பணத்திலேயே வாடகை கட்டி எங்களைக் குடிவைத்திருக்கிறார்.

போன் அணைந்துவிட்டது. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் தேவகோட்டையில் நாலு லட்சம் கொடுத்தவர். அதே விபூதி, அதே சிங்கப்பூர் அண்ணன்.

வக்கீல் ஒருவர் என் பத்திரத்தை ஓரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். நூறு ரூபாயும் அதற்கு மேலும் வாங்குகிற ஒத்தி எதுவானாலும், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டுமாம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 59-வது பிரிவு. நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. "பதிவு பண்ணிக்கலாம் வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆள் அன்றைக்கே ஓடியிருப்பார். செலவு மிச்சம் என்று நினைத்து நானே வேண்டாம் என்றேன்.

ஒரு சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டுகிற வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். சர்வே எண் வேண்டும், அதைக் கேட்டால் நேர்மையான வீட்டுக்காரர் கொடுத்துவிடுவார். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் அதிலேயே தெரியும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் அட்டையும் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கையில் பணம் போக வேண்டும். பவர் என்று சொன்னால் பதிவான பவர் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகும் பவர் கொடுத்தவரிடம் நேரிலோ வீடியோ காலிலோ பேசிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அட்வான்ஸும் தனியாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இது முன்பே தெரிந்திருந்தால் ஒத்திப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

கடைசியில் அப்பச்சியிடம் சொன்னேன். திட்டவில்லை. அந்தத் தெருப் பெயரைக் கேட்டதும், "அது இன்ன வாத்தியாரம்மா கட்டின வீடில்ல? அவுக திருச்சியிலல்ல இருக்காக" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆச்சி எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. அதே வீட்டில் இப்போது 6,500 வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம், நகைக்கு வட்டி தனி. அந்த ஆள் யார் மூலமாகவோ 40,000 கொடுத்தனுப்பினார், மீதிக்கு ஆளைக் காணோம். சாயங்காலம் கடை அடைத்த பிறகு இன்னொரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன்.

போன வாரம் வேறொரு குழுவில், வேறு எண்ணிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. இந்தத் தடவை புதுவயல் பக்கம் வீடு, பச்சைக் கேட்டு. கீழே எழுதியிருந்தது: "ஒத்திக்கு விடு, ஓனர் வெளிநாடு, கமிஷன் இல்லை."