விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று பயமுறுத்தினால் லேப்டாப்பைக் கொடுத்துவிடாதீர்கள்

காரைக்குடியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். 2015இல் பி.எட். படிக்கும்போது வாங்கிய லேப்டாப்தான் இன்றும் என்னிடம் இருக்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பது, பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டுவது, அப்பாவின் பென்ஷன் வேலைகள் எல்லாம் அதில்தான். போன நவம்பரில் அதை ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தபோது அதில் பாதி ரேம் இல்லை, என்னுடைய ஹார்ட் டிஸ்க் இல்லை, உள்ளே இருந்தது திருட்டு விண்டோஸ். அதற்கு 6,800 ரூபாயும் கொடுத்திருந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை, அது ஒரு காரணம். இதே பேச்சைப் பல ஊர்க் கடைகளில் கேட்டதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், அது இன்னொரு காரணம்.

நான் போனது சின்ன வேலைக்குத்தான். லேப்டாப் ஆன் ஆக ஐந்து நிமிடம் பிடித்தது, அதைச் சரிசெய்து தரச் சொன்னேன். கவுண்டரில் இருந்த தம்பி திறந்து பார்த்துவிட்டு, "மேடம், இது விண்டோஸ் 10. அக்டோபர் 14ஓட க்ளோஸ். இனிமே இதுல பேங்க் வேலை பார்த்தீங்கன்னா பணம் போயிடும். அடுத்த மாசம் ஆனே ஆகாது" என்றார். விண்டோஸ் 11 ஒரிஜினல் 2,500, புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) 2,800, சர்வீஸ் 1,500 என்று துண்டுத்தாளில் எழுதினார். புதிதாக வாங்கினால் நாற்பதாயிரம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் சொன்ன தேதி உண்மை. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்தியது. பொய் அதற்கு அடுத்த வரியில்தான் இருந்தது. அப்டேட் நின்றால் கம்ப்யூட்டர் நிற்காது, நேற்று ஓடியதுபோலவே இன்றும் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் போவதுதான் ஆபத்து, அது மாதங்கள் போகப் போகக் கூடும். அதற்கும் ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருந்தால் போதும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நான் அந்தக் கடைப் படியை ஏறியே இருக்க மாட்டேன்.

அவர் மறைத்த இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 11 எல்லா லேப்டாப்புக்கும் உரியது அல்ல. இன்டெல் சிப் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான், அதாவது 2017 கடைசியிலிருந்து வந்தவற்றைத்தான், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் வைத்திருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5. முறைப்படி அதில் விண்டோஸ் 11 ஏறாது. இந்தச் சோதனையைத் தாண்டிப் போக வழி இருக்கிறது, தெரிந்தவர்கள் தெரிந்தே தங்கள் மெஷினில் செய்துகொள்வதும் உண்டு. ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்பு அப்டேட் இல்லை என்று பயமுறுத்தி, அப்டேட்டுக்கே உத்தரவாதம் இல்லாத ஒன்றை ஒரிஜினல் என்று 2,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வேகமாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாளே குரோமில் நான்கு டேப் திறந்தால் திணற ஆரம்பித்தது. டி டிரைவைத் தேடினேன், அப்படி ஒன்றே இல்லை. கடைக்குப் போன் செய்தால், "பழைய ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு மேடம், ஸ்க்ராப்ல போட்டாச்சு. வேணும்னா அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார்கள். வேகம் குறைவதைச் சொன்னபோது வந்த பதிலை மறக்கவே முடியாது: "விண்டோஸ் 11 பாதி ரேமை எடுத்துக்கும் மேடம், அதான் 4 ஜிபி காட்டுது."

பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அத்தை, எந்த விண்டோஸும் ரேமைத் தின்னாது. ஸ்குரூ டிரைவர் இருக்கா?" என்றான். பின்மூடியைக் கழற்றினான். ரேம் செருகும் இரண்டு இடங்களில் ஒன்று காலி. 2018இல் நானே இன்னொரு கடையில் காசு கொடுத்து 4 ஜிபி கூடுதலாகப் போட்டிருந்தேன், மொத்தம் 8 இருந்தது. போட்டதைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். அன்று இரவு பீரோவில் தேடி அந்த 2018 பில்லைக் கண்டுபிடித்தேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு காகிதம்தான்.

அப்புறம் அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். எஸ்எஸ்டி எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்பது அதற்குள்ளேயே பதிவாகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பவர் ஆன் ஹவர்ஸ் என்று ஒரு வரி இருக்கும். புதுசு என்றால் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்க வேண்டும். என்னுடையதில் 14,212 மணி நேரம். இரவு பகலாக ஓடினால் 592 நாள் கணக்கு. வேறு யாரோ ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டித் தேய்த்ததைத்தான் புதுசு என்று 2,800 ரூபாய்க்கு எனக்குப் போட்டிருக்கிறார்கள்.

விண்டோஸைப் பார்ப்பதற்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. என் லேப்டாப்போடு வந்தது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கும் லேப்டாப்களில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதாவது எனக்கு உரிய விண்டோஸுக்கு நான் 2015லேயே காசு கொடுத்துவிட்டேன். இப்போது அதில் புரோ என்ற வேறு பதிப்பைக் காட்டியது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். எனக்கு வந்த பதிலில் உரிமம் காலாவதியாகும் தேதி ஒன்று இருந்தது, ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளி. பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர் மூலம் 180 நாளுக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் முறை அது. வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் அப்படி ஒரு தேதி வந்தால், உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் திருட்டு ஆக்டிவேட்டர் மென்பொருளை ஓட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். தேதி வராவிட்டாலும் ஒரிஜினல் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது, விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிஃபென்டர் அணைக்கப்பட்டிருந்ததுதான். ஆக்டிவேட்டர் ஓட வேண்டுமென்றால் பெரும்பாலும் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தியவர்கள் திரும்பப் போடவே இல்லை. அந்த நிலையில் ஐந்து நாள் நான் அதில் பேங்க் வேலை பார்த்திருக்கிறேன், அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு உட்பட. அன்று இரவே போனிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.

ஹார்ட் டிஸ்க் விஷயம் இதைவிடப் பெரியது. அதில் எங்கள் எல்லாருடைய ஆதார் நகல், பாஸ்புக் நகல், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், பத்து வருடப் படங்கள் இருந்தன. மறுநாள் 2018 பில்லை எடுத்துக்கொண்டு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஸ்க்ராப் என்றார்கள். எங்கே போட்டீர்கள் என்று கேட்டதும் வேறொரு 500 ஜிபி டிஸ்க்கை எடுத்து நீட்டினார்கள். என்னுடையது 1 டிபி. காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று அண்ணன் சொன்ன பிறகு முதலாளி வந்தார். ரேம் அன்றே கிடைத்தது. டிஸ்க் கிடைக்க மேலும் ஆறு நாள் ஆனது, ஏனென்றால் அதை ஃபார்மேட் செய்து இன்னொரு வாடிக்கையாளரின் லேப்டாப்பில் போட்டு விற்றிருந்தார்கள். யாரென்று தெரியாத அவரும் புது டிஸ்க் என்று நினைத்துத்தான் காசு கொடுத்திருப்பார்.

ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க்கில் மேலே வேறு எதுவும் எழுதப்படாத இடங்களில் பழையவை அப்படியே கிடக்கும். என் ஆதார் நகலைத் தோண்டி எடுக்க யாருக்கும் பெரிய திறமை தேவையில்லை என்பதும் அதனால்தான். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அண்ணன் மகன் ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டான். பெயர் எதுவும் இல்லாமல் வெறும் எண்களோடு ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள் கிடைத்தன. கேள்வித்தாள்கள் பாதி கிடைத்தன. அம்மா கடைசியாகப் பேரனுக்குக் கதை சொன்ன வீடியோ கிடைக்கவில்லை. அதற்கு வேறு நகல் எங்கும் இல்லை.

அதனால் இதை யாரிடமும் கெஞ்சிக்கூடக் கேட்பேன்: சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பல பழைய லேப்டாப்களில் நாலைந்து ஸ்குரூதான். டிஸ்க்கே பழுது என்றால் பக்கத்தில் நின்று மாற்றச் சொல்லி, பழையதைக் கையோடு வாங்கி வாருங்கள். ரேம் எவ்வளவு என்று காட்டும் திரையையும், பின்மூடியைத் திறந்து உள்ளே இருப்பதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். புது எஸ்எஸ்டி போட்டால் அதன் சீரியல் எண் பில்லில் இருக்க வேண்டும். துண்டுத்தாளைப் பில் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், நான் ஒப்புக்கொண்டேன்.

இப்போது அந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் ஓடுகிறது. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 இருந்தால் வசதி என்கிறார்கள். 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. காசு கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது. எனக்குப் பிடித்தது, போடுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. வைஃபை, சவுண்ட், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் சரி, உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. கேள்வித்தாளுக்கு லிப்ரே ஆஃபீஸ் போதுமானதாக இருக்கிறது. தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பழைய கேள்வித்தாள்கள் கட்டம் கட்டமாகத் தெரியுமோ என்று பயந்தேன். எழுத்துருக் கோப்பை இதிலும் நிறுவியதும் சரியாகத் திறந்தன.

தமிழ்நாட்டில் இது புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவாக்கியது அது. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அதை ஒருமுறைகூடத் திறக்காமல் அழித்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கும் அன்று தெரியவில்லை, இப்போது அது வருத்தமாக இருக்கிறது.

எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டாலியில் கணக்கு எழுதுபவர்களும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்துத் தாக்கல் செய்பவர்களும் விண்டோஸிலேயே இருப்பதுதான் நிம்மதி. சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கும் லினக்ஸில் டிரைவர் பிடிப்பது பெரும்பாடு. அப்படிப்பட்டவர்கள் முதலில் அந்த ஓராண்டு நீட்டிப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும். பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளமும் இலவசம்தான், ஆனால் அதன் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் எதற்கும் அவசரம் தேவையில்லை. என்னை அவசரப்படுத்தியதால்தான் என்னிடம் அவர்களால் இவ்வளவும் செய்ய முடிந்தது.

டிசம்பரில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்தேன். அதன் பிறகு விண்டோஸுக்கு வாங்கிய 2,500 ரூபாயைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். எஸ்எஸ்டிக்கும் சர்வீஸுக்கும் வாங்கிய 4,300 ரூபாய் இன்னும் வரவில்லை, தர முடியாது என்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே மனு கொடுக்கலாம். துண்டுத்தாள், 2018 பில், 14,212 மணி நேரம் காட்டும் திரையின் படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் மனுவைக் கொடுக்கப் போகிறேன்.