க்ளாக் டான்ஸ்ல என் ஓட்டு யாருக்கு: டான் லெனோவா, சாம் ஷெர்ரியா?

இங்கிலாந்துல லங்காஷயர் காட்டன் மில் ஆளுங்க போட்ட ஷூதான் க்ளாக், அடிப்பாகம் மரக்கட்டை, மேல தோலு. மில்லு தறி சத்தத்துக்கு ஏத்தமாதிரி காலைத் தட்டித்தட்டி வந்த ஆட்டம்னு சொல்வாங்க. போட்டில ஜட்ஜுங்க சில சமயம் மேடைக்கு அடியில உக்காந்து சத்தத்த மட்டும் கேட்டு மார்க் போடுவாங்களாம், ஒரு தட்டு பிசகினாலும் மாட்டிக்குவோம்!

டான் லெனோ பொறந்தது 1860, லண்டன். சின்ன வயசுலேர்ந்தே மேடைதான், 1880ல லீட்ஸ்ல உலக சாம்பியன்னு பெல்ட் ஜெயிச்சாரு. ஆனா லண்டன் ஜனம் இவரு காமெடி பாட்டுக்குத்தான் ஜாஸ்தி கை தட்டுச்சு, அப்புறம் ட்ரூரி லேன் தியேட்டர்ல பாண்டோமைம்னு (கிறிஸ்மஸ் சமயத்துல போடற பாட்டு, காமெடி நாடகம்) பெரிய ஸ்டார் ஆகி, ஆட்டம் பின்னாடி போயிடுச்சு. 43 வயசுலயே போய்ட்டாரு, பாவம்.

சாம் ஷெர்ரி (1912-2001) வேற ரகம். அண்ணன் தம்பிங்களோட மேடைல ஆடினவரு, மியூசிக் ஹால் (பாட்டு, ஆட்டம், காமெடின்னு கலந்துகட்டின மேடை ஷோ) காலம் முடிஞ்சதும் ஒதுங்கிட்டாரு, அப்புறம் வயசானப்ப திரும்பி வந்து இளசுங்களுக்கு ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லிக் கொடுத்தாரு.

பேரும் புகழும் லெனோவுக்குத்தான். ஆனா என் ஓட்டு ஷெர்ரிக்கு, அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க காலுல அந்த ஸ்டெப்பு இன்னும் இருக்கே!