எடின்பரோவில் சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

சென்ற மாதம் எடின்பரோ கோட்டைக்கு அருகே சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு கடையில் 165 பவுண்டு கொடுத்து ஒரு போத்தல் வாங்கினேன். 18 ஆண்டு முதிர்ந்த சிங்கிள் மால்ட் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது சிங்கிள் மால்ட்டும் இல்லை, 18 ஆண்டுச் சரக்கும் இல்லை.

எனக்காக வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கிளாஸ்கோ மருத்துவமனையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த யாழ்ப்பாணத்து மருத்துவர் ஓய்வு பெற்றார். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு கிண்ணம் என்று அளந்து, அதையும் அரைமணி நேரம் முகர்ந்து ரசித்துக் குடிப்பவர். அவருக்குக் கொடுக்க நல்லதாக ஒன்று வேண்டும் என்று கேட்டுத்தான் அந்தக் கடைக்குள் போனேன்.

விற்பனையாளர் ருசிபார்க்க ஊற்றிக் கொடுத்தது, திறந்திருந்த ஒரு போத்தலிலிருந்து. உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் கலந்த அருமையான மணம். "ஷெர்ரி ஒயின் பீப்பாயில் கிடந்தது, இதுவேதான்" என்று சொல்லி, மூடிய பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். பெட்டியின் நடுவில் பெரிதாக 18. உள்ளே கருந்தேன் நிறம். நான் லேபிளைப் படிக்கவே இல்லை.

மருத்துவர் வீட்டில் திறந்தோம். முகர்ந்தார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், 18க்கு மேலே எறும்பளவு எழுத்தில் "தொகுதி" (Batch) என்று இருந்தது. அதாவது 18 என்பது தொகுதி எண், வயது இல்லை. அடியில் "பிளெண்டட் மால்ட்". "ஆண்டு" என்ற சொல் லேபிளில் எங்குமே இல்லை.

ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு, செம்புப் பானைக் கலத்தில் வடித்தால்தான் அது சிங்கிள் மால்ட். பல வடிசாலைகளின் மால்ட்டைக் கலந்தால் பிளெண்டட் மால்ட். அது மட்டமான சரக்கு என்று நான் சொல்லவரவில்லை. 40 பவுண்டுக்கு நல்ல பிளெண்டட் மால்ட் கிடைக்கும், மகிழ்ச்சியாகக் குடிக்கலாம். ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைத் தலையில் கட்டுவதுதான் அயோக்கியத்தனம். 2003இல் கார்டூ (Cardhu) என்ற புகழ்பெற்ற சிங்கிள் மால்ட்டை, ஏறக்குறைய அதே தோற்றத்தில் "பியூர் மால்ட்" என்ற பெயரில் கலவையாக விற்கப்போய், ஸ்காட்லாந்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பி, மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2009இல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகள் "பியூர் மால்ட்" என்று எழுதுவதையே தடுத்துவிட்டன. வயது என்று எண்ண வைக்கும்படி எண் போடுவதற்கும் அதே விதிகளில் தடை இருக்கிறது.

வயது எழுதியிருந்தால், போத்தலுக்குள் இருப்பதிலேயே மிக இளைய விஸ்கியின் வயது அது. எழுதவில்லையென்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாது என்பது மட்டும்தான் உறுதி. நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். கேரமல் சாயம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஜெர்மனியில் விற்கும் போத்தல்களில் சாயம் சேர்த்ததை எழுதியாக வேண்டும். பிரிட்டனில் எழுதாமலே விற்கிறார்கள். சாயம் சேர்க்காதவர்கள் பெரும்பாலும் அதைத் தாங்களாகவே லேபிளில் போட்டுக்கொள்வார்கள், தேடிப் பாருங்கள். ருசிபார்க்க ஊற்றும்போது அந்தப் போத்தலைக் கையில் வாங்கி, உங்களுக்குத் தரும் போத்தலோடு சேர்த்துவைத்து, வரிக்கு வரி படியுங்கள்.

மறுநாளே கடைக்குத் திரும்பினேன். "திறந்த போத்தலைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக்கொடுத்துப் பணத்தை வாங்க 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது என்றேன். மேலாளர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அதே பதில்.

கடன் அட்டையில் பணம் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளானால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். அவர்களிடம் முறையிட்டிருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டது ரசீது. அதில் "விஸ்கி 1" என்று மட்டுமே இருக்கிறது. தயவுசெய்து ரசீதில் சரக்கின் முழுப் பெயரையும் வயதையும் எழுதித்தரச் சொல்லி வாங்குங்கள். தங்கைக்கு அனுப்ப அன்று அலமாரியைப் படம் எடுத்திருந்தேன். விலைச்சீட்டில் "சிங்கிள் மால்ட், 18 ஆண்டு" என்று கடைக்காரர் கையாலேயே எழுதியிருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன்.