சோறு போட்டவர் யார்? மம்லூக், ஜானிசரி, சாமுராய்: ஓர் ஒப்பீடு

ஐரோப்பாவே அஞ்சி நடுங்கிய ஒரு காலாட்படையில், படைப்பிரிவின் தளபதிக்கு என்ன பட்டம் தெரியுமா? 'சோர்பாஜி'. துருக்கி மொழியில் சூப்பு காய்ச்சுகிறவர் என்று பொருள். அவருக்குக் கீழே 'சமையல்காரர்' என்ற பட்டத்தோடு இன்னோர் அதிகாரி. வீரர்களின் தொப்பி முகப்பில் ஒரு கரண்டி. ஒவ்வொரு பிரிவும் உயிராக மதித்தது தன் சமையல் அண்டாவை. போர்க்களத்தில் அண்டாவை எதிரியிடம் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பிரிவுக்கே அவமானம்.

இவர்கள்தான் உதுமானியப் பேரரசின் ஜானிசரிகள். படிக்கும்போது சிரிப்பு வரலாம். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது செஞ்சோற்றுக் கடன். கர்ணன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அண்டாவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சாமுராயும் இன்னொருவரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று விடிய விடியப் பேசுகிறவர்கள் உண்டு. நானும் பேசியிருக்கிறேன். வாளின் நீளம், வில்லின் வலு, கவசத்தின் எடை என்று அது போய்க்கொண்டே இருக்கும், முடிவு வராது. அதைவிட ஒரு சின்னக் கேள்வி அதிகம் சொல்லித் தருகிறது: இந்த வீரனுக்குச் சோறு போட்டது யார்? எகிப்தின் மம்லூக், துருக்கியின் ஜானிசரி, ஜப்பானின் சாமுராய் என்று மூவரை எடுத்துக்கொள்கிறேன். மூன்று பேருக்கும் இந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில். முதல் இருவரும் களத்தில் நேருக்கு நேர் மோதியவர்கள் என்பதால், அந்த ஜோடிக்காவது கற்பனைச் சண்டை தேவையில்லை.

விலைக்கு வாங்கிய வீரன்

பள்ளிக்கூட வரலாற்றில் 'அடிமை வம்சம்' படித்திருப்போம். டெல்லியில் குத்புதீன் ஐபக், இல்துத்மிஷ், பால்பன். அடிமை எப்படி அரசனாக முடியும் என்று அப்போது யாரும் விளக்கியதாக நினைவில்லை. எகிப்தைப் பார்த்தால் அது புரியும்.

மம்லூக் என்ற அரபுச் சொல்லுக்கு உடைமையானவன், அதாவது ஒருவருக்குச் சொந்தமானவன் என்று பொருள். கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளிகளிலிருந்து கிப்சாக் துருக்கியச் சிறுவர்களை வியாபாரிகள் கொண்டுவந்து விற்றார்கள். வாங்கிய சுல்தானோ அமீரோ (படைத்தலைவர்) அவர்களைப் பாசறையில் சேர்த்தார். முதலில் எழுத்து, குர்ஆன். அப்புறம் பல வருஷம் குதிரை, ஈட்டி, வில், வாள். பாயும் குதிரையிலிருந்து, உயரக் கம்பத்தின் உச்சியில் இருக்கும் குறியை அண்ணாந்து அம்பெய்து வீழ்த்துவது அவர்களின் பெரிய விளையாட்டு. பயிற்சி முடிந்தால் விடுதலை, ஒரு குதிரை, ஆயுதம். அடிமையாக வந்தவன் ஆளும் வர்க்கத்தில் ஒருவனாக வெளியே போனான். பிற்காலத்தில் சுல்தானான கலாவூனுக்கு 'அல்ஃபி' என்று பெயர். ஆயிரம் தினாருக்கு வாங்கப்பட்டவர் என்று அர்த்தம். அதை அவர் மறைக்கவில்லை, விலை அதிகம் என்பதே பெருமை.

இதில் விசித்திரம் என்னவென்றால், மம்லூக்கின் மகன் மம்லூக் ஆக முடியாது. அவன் சுதந்திரமாகப் பிறந்தவன், அதனால் தகுதி இல்லை! சில சுல்தான்களின் மகன்கள் அரியணையில் உட்கார்ந்தது உண்டு, பல நேரம் பொம்மையாகத்தான். மற்றபடி ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் சிறுவர்களை வாங்கியாக வேண்டும். மகன்களில் சிலர் பேனாவைப் பிடித்தார்கள். இப்னு தக்ரீபிர்தி போன்ற வரலாற்றாசிரியர்கள் அப்படி வந்தவர்கள்தான்.

இந்தப் படை எவ்வளவு தேறியது என்பதற்கு 1260 செப்டம்பரில் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் நடந்த போர் சாட்சி. பாக்தாதை 1258-இல் அழித்த மங்கோலியர்கள் அங்கே தோற்றார்கள். மங்கோலியத் தலைவர் ஹூலாகு தன் படையின் பெரும்பகுதியோடு ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வெற்றி வெற்றிதான். கிப்சாக் புல்வெளியைச் சூறையாடி, அங்கிருந்த பிள்ளைகள் அடிமைச் சந்தைக்கு வந்து குவியக் காரணமாக இருந்ததே மங்கோலியர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான பைபர்ஸ்தான் ஐன் ஜாலூத்தில் முன்னணியில் நின்றார். வினை விதைத்தவன் கதை.

அதே பைபர்ஸ், வெற்றி பெற்றுத் திரும்பும் வழியில் சுல்தான் குத்ஸைக் கொன்றுவிட்டுத் தானே அரியணை ஏறினார். இங்கேதான் மம்லூக் அமைப்பின் ஓட்டை. அவனுடைய நன்றி, தன்னை வாங்கி வளர்த்த எஜமானுக்கும் கூடப் பாசறையில் தின்று வளர்ந்த தோழர்களுக்கும்தான். அரியணைக்கு அல்ல. எஜமான் செத்தால் கடன் தீர்ந்தது. அடுத்து வருகிற சுல்தான் தனக்கென்று சொந்தமாக ஆள் வாங்க வேண்டும், பழைய ஆட்களை ஒதுக்க வேண்டும். ஆட்சி மாறும்போதெல்லாம் கெய்ரோவில் தெருச்சண்டை.

அண்டாவின் பிள்ளைகள்

உதுமானிய சுல்தான்கள் இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். சந்தையில் வாங்குவதற்குப் பதில், தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட பால்கன் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களிடமிருந்து பையன்களையே வரியாக எடுத்தார்கள். 'தெவ்ஷிர்மே' என்று பெயர். தோராயமாக நாற்பது வீட்டுக்கு ஒரு பையன், சில வருஷத்துக்கு ஒரு முறை. ஒரே மகனாக இருந்தால் விட்டுவிடுவது விதி. பிடித்த பையன்களை முதலில் துருக்கிய விவசாயிகள் வீட்டில் விட்டு மொழியும் மதமும் பழக்கினார்கள், அப்புறம் பாசறை. தாடி வைக்கக் கூடாது, மீசை மட்டும். கல்யாணம் கூடாது.

இது கொடுமைதான், சுற்றி வளைக்காமல் சொல்லலாம். ஆனால் பொஸ்னியாவில் ஒரு செர்பியக் குடும்பத்திலிருந்து எடுத்துப்போன ஒரு பையன், சொகுல்லு மெஹ்மத் பாஷாவாகிப் பேரரசின் தலைமை அமைச்சராக இருந்தார். பிறந்த ஊர்ப்பக்கம் வீஷெகிராதில் திரினா ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டிவைத்தார். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. அவரைப் போன்றவர்களைப் பார்த்துவிட்டு, தங்கள் பையனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பணம் கொடுத்த பெற்றோரும் இருந்தார்கள்.

ஜானிசரிக்குச் சோறு போட்டது தனி எஜமான் இல்லை, அரண்மனை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சம்பளம். சம்பள நாளில் அரண்மனை முற்றத்தில் சூப்பும் சோறும். எல்லோரும் பாய்ந்து சாப்பிட்டால் சுல்தானுக்கு நிம்மதி. சூப்பைத் தொடாமல் நின்றால் வயிற்றில் புளி கரையும். அதற்கும் மேலே ஒன்று உண்டு: அண்டாவைக் கவிழ்ப்பது. உன் சோறு வேண்டாம், உன் கடனும் எங்களுக்கு இல்லை என்று அதற்குப் பொருள். கலகம் என்பதைத் துருக்கி மொழி இன்றும் 'அண்டா தூக்குவது' என்றே சொல்கிறது.

துப்பாக்கி வந்தது

மூவரையும் பிரித்துக் காட்டுவது துப்பாக்கிதான். இங்கே திறமையைவிடக் குதிரைதான் முக்கியம்.

ஜானிசரிக்குக் குதிரை இல்லை. காலால் நடப்பவன். ஆகவே வில்லை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுப்பதில் அவனுக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மம்லூக்குக்கோ குதிரைதான் எல்லாம். அக்காலத்துத் துப்பாக்கியைக் குதிரை மேலிருந்து கையாள்வது பெரும்பாடு, இறங்கி நின்று சுடுவதோ அவன் பார்வையில் வேலைக்காரன் வேலை. எகிப்திலும் துப்பாக்கி இருந்தது. அதைக் கறுப்பின அடிமைகளின் கையில் கொடுத்திருந்தார்கள். 1498-இல் அவர்களின் தலைவனுக்கு இளம் சுல்தான் மரியாதை செய்தபோது மம்லூக்குகள் பொறுக்க மாட்டாமல் கலகம் செய்து அவனைக் கொன்றார்கள்.

விலையைப் பதினெட்டு வருஷம் கழித்துக் கொடுத்தார்கள். 1516 ஆகஸ்ட் 24, அலெப்போவுக்கு வடக்கே மர்ஜ் தாபிக். மம்லூக் குதிரைப்படையின் முதல் பாய்ச்சல் நன்றாகவே போனது. எதிரே பீரங்கியும் ஜானிசரியும். போதாக்குறைக்கு அலெப்போ ஆளுநர் கைர் பே காலை வாரிவிட்டார். முதிய சுல்தான் கான்ஸூ அல்-கவ்ரி களத்திலேயே இறந்தார். அடுத்த ஜனவரியில் கெய்ரோவுக்கு வெளியே ரிதானியாவில் இரண்டாவது தோல்வி. கடைசி சுல்தான் தூமான் பேயை நகர வாசலில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்ட குர்த்பாய் என்ற மம்லூக் அமீர், ஒரு பெண் சுட்டால்கூடப் பல வீரர்களைத் தடுத்து நிறுத்திவிடுகிற கருவியை வைத்துக்கொண்டு வீரம் பேசாதே என்று உதுமானிய சுல்தான் செலீமிடம் முகத்துக்கு நேரே சொன்னதாக வரலாற்றாசிரியர் இப்னு ஸுன்புல் எழுதுகிறார். பேச்சு அருமை. ஆனால் பேசியவர் தோற்றவர்.

சரி, சாமுராய்? அவனும் குதிரை வில்லாளியாகத் தொடங்கியவன்தான். வாள்தான் அவன் உயிர் என்கிற பேச்சு பிற்காலத்தில் பெரிதானது. ஆதியில் 'வில்லும் குதிரையும்' என்றுதான் அவன் வழியைச் சொன்னார்கள். ஆக அவனும் துப்பாக்கியை வெறுத்திருக்க வேண்டுமே? இல்லை. 1543-இல் தானேகஷிமா தீவுக்கு வந்த போர்த்துகீசியரிடமிருந்து வாங்கிய துப்பாக்கியை ஜப்பானியக் கொல்லர்கள் சீக்கிரமே தாங்களே செய்தார்கள். பிரபுக்கள் அதை 'அஷிகாரு' என்ற எளிய காலாட்களின் கையில் கொடுத்து, தாங்கள் பின்னால் குதிரையில் இருந்தார்கள். கௌரவமும் போகவில்லை, போரும் ஜெயித்தது. 1575-இல் நாகஷினோவில் ஒதா நொபுநாகா என்ற பிரபு, தகேதா குலத்தின் படையை இப்படித்தான் நொறுக்கினார். மூவாயிரம் துப்பாக்கிகள் வரிசை மாற்றி மாற்றிச் சுட்டன என்ற புகழ்பெற்ற கதையை ஆய்வாளர்கள் பலர் இப்போது அப்படியே ஏற்பதில்லை. 1592-இல் கொரியாவில் இறங்கி மூன்றே வாரத்தில் சியோலைப் பிடித்ததிலும் துப்பாக்கிக்குப் பெரும் பங்கு. கடலில் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் மறித்தபோதுதான் அந்த வேகம் அடங்கியது.

அரிசிக் கணக்கு

சாமுராய் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், ஆனாலும் சொல்கிறேன்: வெறும் போர்த்திறனை மட்டும் பார்த்தால் என் கணக்கில் அவனுக்கு மூன்றாம் இடம். பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே போரிட்டவர்கள். மங்கோலியர்கள் 1274-இலும் 1281-இலும் வந்தபோது தீரமாகத்தான் நின்றார்கள், ஹகாதா விரிகுடாவில் கல்மதில் கட்டினார்கள், இரவில் சிறு படகுகளில் போய்க் கப்பல்களைத் தாக்கினார்கள். ஆனால் இரண்டாம் முறை கதையை முடித்துவைத்தது புயல். மம்லூக்குக்கு அப்படியொரு புயல் கிடைக்கவில்லை.

அந்தப் போரில் எனக்குப் பிடித்த ஆள் தகேஸாகி சுயெநாகா. 1274-இல் நாலைந்து பேரோடு மங்கோலியரை நோக்கிக் குதிரையை விட்டார், குதிரை அடிபட்டது. முதலில் பாய்ந்தவன் நான் என்பதற்குச் சன்மானம் வரவில்லை. மறுவருஷம் வழிச்செலவுக்குக் குதிரையையும் சேணத்தையும் விற்று, தெற்கே கியூஷு தீவிலிருந்து, அரசின் தலைமையிடமான காமகுரா வரை போய் வழக்காடி வாங்கிக்கொண்டார். பிறகு தன் வீரத்தைப் படச்சுருளாக வரையவும் வைத்தார். அவர் வந்தது கூலி கேட்கத்தான், அதில் தப்பும் இல்லை. ஜப்பானில் சோறு என்றால் நிலம், நிலம் பிடித்தால்தான் பங்கு. மங்கோலியரை விரட்டியதில் ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை. பரிசு கிடைக்காத வீரர்களின் மனக்கசப்பும் சேர்ந்துதான் 1333-இல் காமகுரா அரசு விழுந்தது.

1600-இல் செகிகஹாரா போர், 1615-இல் ஒசாகா கோட்டை முற்றுகை. அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் பெரிய போர் கிடையாது. சாமுராய்க்கு நிலம் போய் அரிசிச் சம்பளம் வந்தது. ஒரு 'கோகு' என்றால் கிட்டத்தட்ட 150 கிலோ, ஓர் ஆளுக்கு ஒரு வருஷச் சாப்பாடு. இடுப்பில் இரண்டு வாள், கையில் கணக்குப் புத்தகம். எடோவில் (இன்றைய டோக்கியோ) சம்பள அரிசியைப் பணமாக்கித் தரும் தரகர்களிடம் கடன் மேல் கடன். 1789-இல் அரசே தலையிட்டு அந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. கீழ்நிலைச் சாமுராய்கள் வீட்டில் குடை ஒட்டிப் பிழைத்தார்கள். வாளின் மகிமையைப் பற்றிய தத்துவங்களில் பல, உறையை விட்டு வாள் வெளியே வராத இந்தக் காலத்தில் எழுதப்பட்டவை.

ஆனால் குமாஸ்தாவானது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஜானிசரியும் அமைதியில் மாறினான், கடைக்காரனாக. கல்யாணத் தடை தளர்ந்தது, மகன்கள் பட்டியலில் ஏறினார்கள், சம்பளச் சீட்டைக் கைமாற்றி விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர், போருக்கு வந்தவர் கொஞ்சம். புதுப் படை கட்ட நினைத்த சுல்தான்களை மட்டும் தவறாமல் கவிழ்த்தார்கள். 1622-இல் பதினேழு வயது இரண்டாம் உஸ்மானைக் கொன்றார்கள். 1807-இல் மூன்றாம் செலீமை இறக்கினார்கள்.

மூவரின் முடிவும் ஒரே நூற்றாண்டில். எகிப்தில் 'பே' பட்டம் கொண்ட மம்லூக் தலைவர்கள் உதுமானியர் காலத்திலும் தாக்குப்பிடித்து, 1798-இல் நெப்போலியனின் சதுர அணிகள் மேல் பழைய தோரணையிலேயே பாய்ந்து செத்தார்கள். எஞ்சியவர்களை 1811 மார்ச் 1 அன்று எகிப்தின் ஆளுநர் முஹம்மது அலி கெய்ரோ கோட்டைக்கு விருந்தாளிகளாக அழைத்து, திரும்பிப் போகும் குறுகிய வழியில் வாசலை அடைத்துச் சுட்டுக் கொன்றார். விருந்தில் வஞ்சகம், அதைவிடக் கேவலம் வேறில்லை.

ஜானிசரிகள் 1826 ஜூனில் கடைசியாக அண்டாவைக் கவிழ்த்தார்கள். கவிழ்த்த இடத்துக்கு 'இறைச்சித் திடல்' என்று பெயர், அவர்களுக்குக் கறி பங்கிட்ட இடம். இந்த முறை சுல்தான் இரண்டாம் மஹ்மூத் பீரங்கியோடு காத்திருந்தார், பாசறையைச் சுட்டு எரித்தார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கல்லறைகளில் அவர்களின் தொப்பி செதுக்கிய தலைக்கற்களைக்கூட உடைக்க வைத்தார்.

ஜப்பானில் சாமுராய்களை ஒழித்தது சாமுராய்களே. 1873-இல் கட்டாய ராணுவ சேவை, 1876-இல் வாள் அணியத் தடை, அரிசிச் சம்பளத்துக்குப் பதில் கடன்பத்திரம். ஆணை போட்ட அமைச்சர்களில் பெரும்பாலோர் வாள் பிடித்து வளர்ந்தவர்கள்தான், கணக்கும் நிர்வாகமும் தெரிந்தவர்கள். கட்டாய சேவை வந்தபோது அரசில் இருந்த சைகோ தகமோரியே 1877-இல் சத்சுமாவில் கலகத்துக்குத் தலைமை ஏற்றார். விவசாயிப் பையன்களும் இருந்த அரசுப் படை அவரை ஷிரோயாமா குன்றில் சில நூறு பேரோடு வளைத்தது. செப்டம்பர் 24 விடியலில் எல்லாம் முடிந்தது.

1889-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஒன்பது வருஷம் கழித்து டோக்கியோவின் உயேனோ பூங்காவில் சிலையும் வைத்தார்கள். கவசம் இல்லை, ராணுவச் சீருடை இல்லை. சாதாரணக் கிமோனோவில், வேட்டைக்குக் கிளம்பியவர் போல, கையில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.