நாசாவின் சிஇஏ: பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம்

சிஇஏ நிரலைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரே கேள்வி: உள்ளீட்டுக் கோப்பின் பெயர் என்ன, பின்னொட்டு (.inp) வேண்டாம். முதல் நாள் பின்னொட்டையும் சேர்த்தே தட்டினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. அரை மணி நேரம் கோப்புறைகளைக் குடைந்துகொண்டிருந்தேன்.

ராக்கெட் எரிபொருள் எரிந்தால் வெப்பநிலை எவ்வளவு, என்னென்ன வாயுக்கள் பிறக்கும், எரியும் ஒவ்வொரு கிலோ கலவைக்கும் உந்துதல் எவ்வளவு தேறும் (இதுதான் உந்துத்திறன் எண்) என்று சொல்லும் நிரல் இது; ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதியது. கிளீவ்லாந்தில் உள்ள நாசா ஆய்வகத்தின் சான்போர்ட் கார்டன், போனி மெக்பிரைட் இருவரின் உழைப்பு. விளக்கநூலின் இரு பாகங்கள் 1994, 1996இல் வந்தன. வேதிவினைகளை நாம் எழுதித்தர வேண்டியதில்லை. கிப்ஸ் ஆற்றல் (வேதிச் சமநிலையில் மிகக் குறைந்துவிடும் ஆற்றல்) மிகக் குறைவாக இருக்கும் கலவையை அதுவே தேடிப் பிடித்துவிடும்.

எனக்கு இதன்மேல் பிடிப்பு வந்தது ஹைட்ரஜனால். ஒரு கிலோ ஹைட்ரஜன் முழுதாக எரிய 8 கிலோ ஆக்சிஜன் வேண்டும். எஞ்சின்களிலோ 6 அளவில்தான் கொடுக்கிறார்கள். வகுப்பில் கேட்டபோது மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். விகிதத்தை 4இலிருந்து 8 வரை படிப்படியாக ஏற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது: வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது, உந்துத்திறன் எண்ணோ பாதிவழியிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. எரியாமல் மிஞ்சும் ஹைட்ரஜன் புகையை லேசாக்குகிறது. லேசான புகை வேகமாக வெளியேறுகிறது.

தப்பான எண்ணைக் கொடுத்தால் முணுமுணுக்காமல் தப்பான விடை தரும். திட எரிபொருளின் துகள்களைப் பிணைக்கும் பைண்டருக்குக் கலோரியில் இருந்த உருவாக்க வெப்பத்தை (தனிமங்களிலிருந்து அது உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) ஜூல் என்று எழுதிவிட்டேன். வெப்பநிலை கொஞ்சம்தான் கூடியது. நம்பும்படி இருந்ததால் இரண்டு வாரம் அதை வைத்தே வரைபடம் போட்டேன். அபத்தமான விடையாக இருந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.

எரிவேகத்தை இதனிடம் கேட்கக் கூடாது. காலம் என்பதே இந்தக் கணக்கில் கிடையாது. அலுமினியம் கலந்த எரிபொருளில் உருவாகும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) துளிகள் வாயுவின் வேகத்திலேயே ஓடுவதாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அவை பின்தங்கும். அதனால் வரும் எண்ணை உச்சவரம்பாகத்தான் கொள்கிறேன்.

இப்போதெல்லாம் பைத்தான் என்ற கணினி மொழி வழியாகத்தான் ஓட்டுகிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பழைய வெளியீட்டுத் தாளோடு ஓடி வந்தான். “அண்ணா, உந்துத்திறன் எண் 4,400 நொடி வருகிறது!” அந்த வரியின் ஓரத்தைக் காட்டினேன்: மீட்டர்/நொடி. நொடியாக மாற்ற, புவியீர்ப்பு முடுக்கமான 9.80665ஆல் வகுத்தான். 449 வந்தது.