தி லாங் டிரைவ்: எந்த இன்ஜினுக்கு எதை ஊற்றுவது?

தி லாங் டிரைவ் என்ற கணினி விளையாட்டு 2019-இல் வந்தது. நான் விளையாட ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாலைவனச் சாலை, 5000 கிலோமீட்டர் தள்ளி அம்மா வீடு, ஓட்டிப் போக ஒரு பழைய கார். கதை அவ்வளவுதான். என்னை இதில் பிடித்து வைத்திருப்பது இன்ஜின்கள்தான். எந்த டேங்கில் எதை ஊற்றினாலும் விளையாட்டு தடுக்காது. தவறு என்றால் வண்டிதான் சொல்லும்.

ஆரம்பத்தில் ஒருநாள், இருட்டப் போகிறதே என்ற அவசரத்தில், பாழடைந்த வீட்டில் கிடைத்த கேனை என்னவென்று பார்க்காமலே டூ-ஸ்ட்ரோக் காரில் (ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடுவது) கவிழ்த்தேன். கேனில் இருந்தது டீசல். கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் இருமி நின்றுவிட்டது. காரை விட்டுவிட்டு நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். டீசல் இன்ஜினில் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கிய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜின் அவ்வளவு நெருக்காது, பொறிக்காகக் காத்திருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொரு சங்கதி. பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை (இன்ஜினின் அடியில் சுழல் தண்டு இருக்கும் இடம்) வழியாகத்தான் மேலே சிலிண்டருக்குப் போகின்றன, அதனால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிட வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் 601 கார் இந்த வகைதான்: இரண்டு சிலிண்டர், சுமார் 600 சிசி, 26 குதிரைத் திறன். டேங்க் இன்ஜினுக்கு மேலேயே இருப்பதால் பெட்ரோல் பம்ப்கூடக் கிடையாது, தானாக இறங்கும். முதலில் 33 லிட்டருக்கு 1 லிட்டர் ஆயில் கலந்தார்கள். 1974-இலிருந்து 50-க்கு 1 போதும் என்றானது. இதைப் படித்த பிறகு விளையாட்டிலும் ஆயிலைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஃபோர்-ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். கலவைக் கணக்கு இல்லை. ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் மட்டும் அவ்வப்போது பார்த்தால் போதும். ஆனாலும் எனக்குப் பிடித்தது டூ-ஸ்ட்ரோக்தான். கலவை சரியாக அமைந்து, அந்தப் படபட சத்தம் சீராக வரும்போது கிடைக்கிற நிம்மதியே வேறு.

குறை ஒன்று உண்டு. எந்த இன்ஜினுக்கு எது என்று விளையாட்டு எங்கேயும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அப்புறம், பெட்ரோல் கார் ஓட்டினாலும் டீசல் கேன் ஒன்றைப் பின்னால் தனியாகப் போட்டு வைக்கிறேன். வழியில் அடுத்துக் கிடைக்கும் வண்டி டீசலாக இருக்கலாம்.