பழைய கேமராக்களோடு 8 வருஷம்: "இதுல எதுக்குள்ள ஃபிலிம் இருக்கு?"

இந்த 8 வருஷத்தில் மொத்தம் 23 பழைய ஃபிலிம் கேமரா வாங்கியிருக்கிறேன். இப்போது வீட்டில் இருப்பது 14. அதில் ஒழுங்காகப் படம் எடுக்கும் என்று தைரியமாகச் சொல்லக்கூடியது 9, நான் வழக்கமாகக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவது 4. இந்தக் கணக்கைப் போட்டது நானில்லை, என் வீட்டுக்காரர். அவருக்குக் கேமராமேல் ஆர்வமும் கிடையாது, கோபமும் கிடையாது. வீட்டுக்குள் யாரோ ஒவ்வொருவராகக் குடிவருகிறார்கள், யார் எவர் என்றே தெரியவில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

பிராண்ட் பெயர் எதுவும் அவர் நாக்கில் ஏறாது. அதனால் அவரே பெயர் வைத்துக்கொண்டார். பென்டாக்ஸ் கே1000 "முதல் ஆள்". யாஷிகா மேட் 124ஜி "குனிஞ்சு பார்க்கிறது". ஒலிம்பஸ் ட்ரிப் 35 "சிவப்புக் கொடி". ஸெனிட்-ஈ "கனமானது". இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன், என்ன செய்ய.

முதல் ஆளை வாங்கியபோது இவரிடம் நான் சொன்னது: "ஒண்ணே ஒண்ணுதான்." அன்றைக்கு அது பொய் இல்லை. கே1000 1976ல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த கேமரா, கற்றுக்கொள்ள இதைவிட எளிதானது கிடைப்பது கஷ்டம். ஷட்டர் வேகம் (ஃபிலிம்மேல் வெளிச்சம் விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஃபோகஸ், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் வெளிச்ச மீட்டரின் ஒரு முள், வேறெதுவும் இல்லை. பேட்டரி அந்த முள்ளுக்கு மட்டும்தான், பேட்டரி தீர்ந்தாலும் கேமரா வேலை செய்யும். மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் விழுந்தால் அது பாட்டுக்கு ஓடும், ஆகவே லென்ஸ் மூடியைப் போட்டு வைக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு பேட்டரி போச்சு.

முதல் ரோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 36 படமும் அளந்து அளந்து எடுத்தேன், மூன்று வாரம் ஆனது. 36 முடிந்த பிறகும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் சிக்காமல் நகர்ந்துகொண்டே இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஃபிலிம் முனை அதை இழுத்துச் சுற்றும் ஸ்பூலில் மாட்டவே இல்லை, முழு ரோலும் டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கழுவி வந்த நெகட்டிவை இவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல யாரு இருக்கா?" கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு: லீவரைத் தள்ளும்போது இடது பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் எடுத்தது எல்லாம் காற்றில் எடுத்ததுதான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் ஆறு கேமரா. ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. ஒன்றின் ஷட்டர் சத்தம் பிடித்துப்போய் வாங்கினேன். இன்னொன்று ஒரு ஃபோட்டோவில் அழகாக இருந்தது. இந்தக் கட்டத்தில் வாங்கியதில் எலக்ட்ரானிக்ஸ் நிறைந்தது ஒன்று, பெயர் வேண்டாம், நாலு ரோலில் உயிரை விட்டது. சர்க்யூட் போனால் அதற்கு மாற்று கிடையாது, இன்னொரு செத்த கேமராவிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும். 8 வருஷ அனுபவத்தில் என் கட்சி தெளிவு: பேட்டரி இல்லாமல் ஷட்டர் அடிக்கும் கேமராவாக வாங்குங்கள். சுத்த மெக்கானிக்கல் கேமரா கெட்டுப்போனாலும் பெரும்பாலும் பழைய எண்ணெய் கெட்டியானதுதான் காரணமாக இருக்கும், தெரிந்தவர் கையில் கொடுத்தால் திரும்ப எழுந்துவிடும்.

வாங்கும்போது நான் சோதிப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஷட்டரை 1 விநாடியில் வைத்து அடித்துக் காதால் கேட்பேன். நல்லதாக இருந்தால் உள்ளே ஒரு பல்சக்கரம் ஒரே சீராக ஓடி முடியும். கெட்டதாக இருந்தால் நடுவில் மூச்சு வாங்கும், இல்லையென்றால் திறந்தது திறந்தபடியே நிற்கும். அப்புறம் லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்ப்பேன், பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் மாதிரி ஓடியிருக்கும். தூசிக்குப் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. பூஞ்சை அப்படியில்லை. கண்ணாடிமேல் உள்ள பூச்சையே அரித்துவிடும், துடைத்த பிறகும் தடம் நிற்கும். ஒரு லென்ஸை இப்படித்தான் இழந்தேன், தோல் உறையிலேயே வைத்திருந்த என் முட்டாள்தனம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது எல்லாம் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள். உறையெல்லாம் தனியாக ஒரு பையில் கிடக்கிறது. அந்தப் பை எதற்கு என்று இவர் இன்னும் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கிறதே, அது தனிக் கதை. முப்பது நாற்பது வருஷத்தில் அது உருகித் தார் மாதிரி ஆகிவிடும். ஐசோப்ரோபில் ஆல்கஹாலில் நனைத்த பல்குத்தும் குச்சியால் அந்தக் குறுகிய பள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும், ஒரு துணுக்குகூட ஷட்டர் திரைமேல் விழக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைச் செய்தேன். முடித்து நிமிர்ந்தால் மூக்கில் ஒரு கறுப்புக் கோடு, இவர் சட்டைக் காலரில் ஒன்று. அவர் அந்த அறைக்குள் வரவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். அந்தக் கறுப்பு எப்படிப் பயணம் செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரி, பயன்பாட்டில் இருப்பவற்றுக்கு வருகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குனிஞ்சு பார்க்கிறதுதான். 1970 முதல் 1986 வரை வந்த இரட்டை லென்ஸ் கேமரா, 120 என்கிற அகலமான ஃபிலிம் ரோலில் 12 சதுரப் படம். மேலே மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து, தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறி இருக்கும். ஆள் இடது பக்கம் நடந்தால் கண்ணாடியில் வலது பக்கம் போவார், சட்டத்துக்குள் கொண்டுவர நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்புவீர்கள், அவர் வெளியே போயே போய்விடுவார். இது பழக எனக்கு ஆறு மாசம். ஆனால் ஒரு வசதி, கேமராவை முகத்துக்கு நேராகத் தூக்கினால் மனிதர்கள் விறைத்துப்போகிறார்கள், குனிந்து எடுத்தால் இவளுக்கு என்னவோ தொலைந்துவிட்டது போல என்று நினைத்துச் சும்மா இருக்கிறார்கள்.

குறை என்றால் பேட்டரி. இதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, பாதரசம் நஞ்சு என்பதால் அந்த வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் வரும் ஆல்கலைன் 1.5 வோல்ட், போகப் போகக் குறையும், மீட்டரும் கூடவே தப்பாகச் சொல்லும். இதற்கு ஒரு நல்ல வழி காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஸிங்க்-ஏர் பேட்டரி. ஏறக்குறைய 1.4 வோல்ட், கடைசிவரை சீராக நிற்கும். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தவுடன் காற்று பட்டு அதன் ஆயுள் ஓட ஆரம்பிக்கும், இரண்டு மூன்று மாசத்தில் முடிந்துவிடும், அதுதான் பிரச்சினை. ஒரு அட்டை நிறைய அந்தப் பேட்டரி வாங்கி வந்ததை இவர் பார்த்தார். "யாருக்குக் காது கேக்கல?" என்றார். கேமராவுக்கு என்றேன். கொஞ்ச நேரம் கேமராவைப் பார்த்தார். அப்புறம் அதன் பக்கம் குனிந்து, சத்தமாக, "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிவப்புக் கொடி வேறு ரகம். 1967ல் வந்தது, பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி இருக்கும் செலினியம் செல் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து மீட்டரை ஓட்டுகிறது. ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு, 1/40, 1/200, அதையும் அதுவே முடிவு செய்துகொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது தூரம் காட்டும் நாலு படக்குறியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது: ஒரு ஆள், இரண்டு ஆள், கூட்டம், மலை. வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் சின்னதாய் ஒரு சிவப்புத் தகடு எழும்பும், பட்டன் அமுங்காது. "முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்ற ஒரே கேமரா இதுதான்" என்று இவருக்கு இதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. இவர் தொட்டுப் படம் எடுத்ததும் இது ஒன்றில்தான். 36ல் 11 படம் தேறியது. மற்றதில் பாதி என் தலை இல்லாமல், ஏனென்றால் இதில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு, கிட்டத்தில் எடுக்கும்போது ஜன்னலுக்குள் தெரியும் கோட்டுக்குள் தலையை வைக்க வேண்டும். அதைச் சொன்னேன். "தலை வேணும்னு நீ முன்னாடியே சொல்லல" என்றார்.

கழுவுவதும் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன், கறுப்பு வெள்ளை மட்டும். டி-76 டெவலப்பர் (ஃபிலிமில் படத்தை வெளியே கொண்டுவரும் ரசாயனம்), 20 டிகிரி, நேரத்தை ஒழுங்காகப் பிடித்தால் போதும், நினைத்ததைவிட எளிது. கஷ்டமானது ஒரே ஒரு கட்டம், முழு இருட்டில் ஃபிலிமைக் கழுவும் டப்பாவின் சுருளில் ஏற்றுவது. எங்கள் பாத்ரூமின் சுவிட்ச் வெளியே இருக்கிறது. உள்ளே நான் இருட்டில், வியர்த்து வழியும் விரல்களோடு, ஃபிலிம் பள்ளத்தில் ஏற மாட்டேன் என்கிறது. வெளியே இவர்: "உள்ளே இருக்கியா? கரண்ட் போச்சா? லைட் போடவா?" நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டில் கதவு திறந்த சத்தம் கேட்டது. அடுத்த வாரமே, கையை மட்டும் உள்ளே விட்டு ஃபிலிம் ஏற்றும், வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக் ஒன்று வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருள். இன்னொரு கேமரா வாங்குவதற்குப் பதில் அதை வாங்குங்கள்.

தலைப்பில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, கிண்டல் எதுவும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல இவர் கேட்டார்: "இதுல எதுக்குள்ள ஃபிலிம் இருக்கு?" அன்றைக்கு 19 கேமரா இருந்தது. ஒன்றில்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. ஏன் என்றால் சும்மா இருந்தால் இவை நன்றாக இருக்கும் என்பது தப்பு. எண்ணெய் இறுகும், மெதுவான வேகங்கள்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும், இருட்டில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை வரும். அலமாரியில் வைத்து நான் அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன், அவை மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து ஒரு விதி. மாசம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பத்து முறை அடிப்பேன். வருஷத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ரோலாவது ஓட வேண்டும், ஓடாதது வேறு கைக்குப் போய்விட வேண்டும். 19, 14 ஆனது இப்படித்தான். முதல் நாலு பிரியாவிடை சுலபமாக இருந்தது.

ஐந்தாவது ஸெனிட். சோவியத் தயாரிப்பு, 1965ல் வந்த மாடல், லென்ஸோடு கையில் வைத்தால் மணிக்கட்டு வலிக்கும். வேகம் 1/30ல் ஆரம்பித்து 1/500ல் முடிந்துவிடும், மொத்தம் ஐந்தே ஐந்து படி. அப்பர்ச்சரைக் கையால் மூடினால் வியூஃபைண்டரும் கூடவே இருட்டாகும், திறந்து ஃபோகஸ் செய்து மூடி அடிக்க வேண்டும். ஆனால் அதன் 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸ் இருக்கிறதே, பின்னால் இலைகள் இருந்தால் ஆளைச் சுற்றி அவை சுழல்வது போல வரும், அந்தப் பைத்தியத்தில்தான் வாங்கினேன். பெட்டியில் இடம் இல்லாமல் கீழ்த்தட்டில், இவருடைய புத்தகங்களின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. ஒன்றரை வருஷம் ஒரு ரோலும் போடவில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவரின் மகள் ஃபிலிம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று கேள்விப்பட்டு, லென்ஸோடு அவளுக்கே கொடுத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. எதற்கு, எண்ணிக்கை குறைந்தால் அவருக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்து ராத்திரி, இவர் அலமாரி முன்னால் நின்று கீழ்த்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனமானது எங்கே?"

கொடுத்துவிட்டேன் என்றேன்.

"என்னைக் கேக்காமயா?"

உங்களுக்கு என்னங்க, உங்களுக்குத்தான் இதில் ஒன்றும் பிடிக்காதே என்றேன்.

"அது இல்லாம புத்தகம் எல்லாம் சாயுது பாரு" என்றார். "அந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

தேடிக்கொண்டிருக்கிறேன்.